பனாமா நகரத்தில் மூன்று இரவுகள்: இசை எங்கே, கூட்டம் எங்கே?

பதிவர்: கடல்வழி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி மாத நடுவில் நானும் என் மனைவியும் லிமாவுக்குப் போகும் வழியில் பனாமா நகரத்தில் மூன்று இரவுகள் தங்குகிறோம். பனாமாவின் கோப்பா நிறுவன விமானத்தில் பயணம் செய்பவர்கள் கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் அங்கே சில நாள்கள் இறங்கிச் செல்லலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பகலில் கால்வாயையும் பழைய நகரத்தையும் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. இரவுகளைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பயணக் கட்டுரைகளில் தேடினால் அதே நான்கைந்து மொட்டைமாடி மதுக்கூடங்களும் காசினோக்களும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் எப்போதாவது ஒரு பியர் குடிப்பவன். மனைவி மது அருந்துவதில்லை, உணவும் சைவம். ஆனால் இருவருக்கும் இசை என்றால் உயிர், அதிலும் தாள வாத்தியங்கள் ஒலிக்கும் இடத்தில் நேரம் போவதே எங்களுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மாலைப் பொழுதை எங்கே கழிக்கிறார்கள், அங்கே வெளியூர்க்காரர்கள் போய் நின்றால் இடைஞ்சலாக இருக்குமா, நள்ளிரவுக்குப் பிறகு அறைக்குப் பத்திரமாகத் திரும்புவது எப்படி என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவர்: தென்துறைமுகம்

கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபடி அந்த நகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த நகரத்தின் இரவு வாழ்க்கை ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2000-களில் இளைஞர்கள் எல்லோரும் பெய்யா விஸ்தா பகுதியில் உள்ள காயே உருகுவாய் தெருவில்தான் கூடினார்கள். பழைய வழிகாட்டி நூல்களில் அந்தத் தெருவின் பெயரே முதலில் இருக்கும். பிறகு அங்கே கட்டடங்கள் உயர உயர, கூட்டம் காஸ்கோ வியேஹோ என்று அழைக்கப்படும் பழைய நகரத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எனவே எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

காஸ்கோ வியேஹோ கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு சிறிய நிலமுனை. 1671-இல் ஹென்றி மோர்கனின் படையெடுப்பில் முதல் பனாமா நகரம் அழிந்த பிறகு, 1673-இல் புதிதாக நிறுவப்பட்ட மதிலுள்ள நகரம் இதுதான். 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தெருக்கள் குறுகலானவை, ஒரு சதுக்கத்திலிருந்து இன்னொரு சதுக்கத்துக்கு ஐந்து நிமிடத்தில் நடந்து போய்விடலாம். ஜனவரியில் சூரியன் மாலை ஆறேகால் மணியை ஒட்டி மறையும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பிரான்ஸ் சதுக்கத்தின் பின்னால் உள்ள பழைய மதிலின்மேல் ஏறி நடந்து பாருங்கள். அங்கே குனா இனப் பெண்கள் மோலா என்ற கைத்தையல் துணி வேலைப்பாடுகளைப் பரப்பி விற்றுக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் வானுயர்ந்த புதிய நகரமும், மறு பக்கம் கால்வாய்க்குள் நுழைய முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்களும் தெரியும். வெளிச்சம் மங்கியதும் அந்தக் கப்பல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும். அந்த நகரத்தில் பணம் கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பவற்றில் இதற்கு இணையாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

மொட்டைமாடிக் கூடங்களுக்குப் போவதானால் வியாழக்கிழமைக்கு முன் போங்கள். வெள்ளி, சனி இரவுகளில் வாசலில் வரிசை நிற்கும். சில இடங்களில் நுழைவுக் கட்டணம் கேட்பார்கள். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் அணிந்து வந்த ஆண்களைத் திருப்பி அனுப்புவார்கள். வறண்ட பருவமான ஜனவரியில் மாடியில் காற்று பலமாக அடிக்கும் என்பதால் உங்கள் மனைவியை ஒரு சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, காஸ்கோவின் சதுக்கங்களில் சுற்றுலாக் காவலர்கள் இரவிலும் நிற்கிறார்கள். ஆனால் அதையொட்டிய எல் சொர்ரீயோவுக்குள்ளும் சாந்தா அனா பகுதியின் பின்தெருக்களுக்குள்ளும் இருட்டிய பிறகு நடந்து செல்ல வேண்டாம். எல்லைக் கோடு எதுவும் அங்கே வரையப்பட்டிருக்காது. விளக்குகள் குறையும் தெருவில் நின்று திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். திரும்பும்போது உள்ளே இருந்தபடியே செயலியில் ஊபர் அழைத்து, வண்டி வாசலுக்கு வந்த பிறகு வெளியே வாருங்கள். மஞ்சள் நிற டாக்சிகளில் மீட்டர் கிடையாது, கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மெட்ரோ ரயில் சுத்தமானது, மலிவானது, 2014-இல் மத்திய அமெரிக்காவிலேயே முதலாவதாகத் திறக்கப்பட்டது. ஆயினும் பின்னிரவில் ஓடாது என்பதால் திரும்பி வர அதை நம்ப முடியாது.

பதிவர்: வெண்சங்கு

தென்துறைமுகம் அவர்கள் எழுதியது பெரும்பாலும் வேலை முடித்து வரும் இளைஞர்களின் இரவு. நான் அங்கே இரண்டு சிறு பிள்ளைகளோடு குடும்பமாக வாழ்ந்தவள். எங்களைப் போன்றவர்களின் மாலை வேறு இடத்தில் இருந்தது என்பதால் அதையும் பதிவு செய்கிறேன்.

பனாமா நகரத்து மக்கள் வெயில் தாழ்ந்ததும் கடலோரத்துக்கு வந்துவிடுவார்கள். சிந்தா கொஸ்தேரா என்ற கடலோரப் பூங்காச் சாலையின் முதல் பகுதி 2009-இல் கடலைத் தூர்த்து அமைக்கப்பட்டது. மாலை ஐந்தரை மணிக்கு மேல் அங்கே ஓடுபவர்கள், சக்கரக் காலணியில் பறக்கும் பிள்ளைகள், கூடைப்பந்து ஆடும் இளைஞர்கள், கூட்டமாக உடற்பயிற்சி நடனம் ஆடும் பெண்கள் என்று ஒரே கலகலப்பாக இருக்கும். ஒரு காசு செலவில்லை. அந்தக் கரையில் நீர்மட்டம் ஒரே நாளில் ஐந்து, ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் முற்றிலும் வடிந்திருக்கும் வேளையில் சேற்று வாடை வீசும், ஆகவே ஓத நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு, நீர் ஏறியிருக்கும் மாலையில் போங்கள்.

அங்கே ரஸ்பாவோ விற்பவர்களைத் தவறவிடாதீர்கள். தள்ளுவண்டியில் ஒரு பெரிய பனிக்கட்டி இருக்கும். கையில் பிடித்த உலோகச் சீவுளியால் அதைச் சுரண்டி, கூம்பு வடிவக் காகிதக் கோப்பையில் குவித்து, சிவப்பு நிறப் பாகையோ பேஷன் ஃபுரூட் பாகையோ ஊற்றி, மேலே கெட்டியான இனிப்புப் பாலை நூலாக வடிய விடுவார்கள். பேஷன் ஃபுரூட்டை அங்கே மராகுயா என்பார்கள். என் மகள் பனாமாவை இன்றும் அந்தச் சுவையால்தான் நினைவு வைத்திருக்கிறாள்.

இரண்டாவது, அமதோர் கரைச்சாலை. கால்வாய் தோண்டியபோது வெட்டியெடுத்த பாறைகளைக் கடலில் கொட்டி, நாவோஸ், பெரிக்கோ, ஃபிளமெங்கோ ஆகிய சிறு தீவுகளை நிலத்தோடு இணைத்து அமைத்த நீண்ட சாலை அது. அமெரிக்கப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த அந்த இடம் இன்று ஊர் மக்கள் மிதிவண்டி ஓட்டும் இடமாக மாறியிருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து மிதிக்கும் வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கும். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2014-இல் திறக்கப்பட்ட பியோமுசேயோ அருங்காட்சியகத்தின் வண்ணக் கூரை அந்தச் சாலையின் தொடக்கத்திலேயே தெரியும். மாலையில் ஃபிளமெங்கோ முனைவரை போய், அங்கே உள்ள உணவகங்களில் ஒன்றில் அமர்ந்துகொண்டால், கால்வாய்க்கு மேலே செல்லும் அமெரிக்காக்களின் பாலத்துக்கு அடியில் கப்பல்கள் நுழைவதைப் பார்த்தபடியே சாப்பிடலாம்.

சைவ உணவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிந்தி, குஜராத்தி வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. நகரத்தில் குன்றின்மேல் ஒரு பெரிய இந்துக் கோயிலே இருக்கிறது. அதனால் இந்திய உணவகங்களுக்குக் குறைவில்லை, எல் காங்ரேஹோ பகுதியில் பிற சைவ உணவுகளும் கிடைக்கும். உள்ளூர்ச் சமையலில் உங்கள் மனைவி கட்டாயம் சுவைக்க வேண்டியது தேங்காய்ப் பாலில் சமைத்த துவரைச் சோறு. அங்கே அதை அர்ரோஸ் கொன் குவாந்து என்பார்கள். ஜனவரியில் பச்சைத் துவரை சந்தைக்கு வந்திருக்கும் பருவம். சில வீடுகளிலும் கடைகளிலும் அதில் பன்றி இறைச்சித் துண்டுகளைச் சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். வாழைக்காயை வட்டமாக நறுக்கி, பொரித்து, தட்டி, மறுபடியும் பொரித்தெடுக்கும் பத்தகோன் எங்கும் கிடைக்கும்.

பதிவர்: இசைத்தேடல்

கடல்வழி அவர்களே, ஜனவரி நடுவில் போகிறீர்கள் என்பதையும் இசைதான் உங்கள் தேடல் என்பதையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நீங்கள் போகும் நேரத்தில்தான் பனாமா ஜாஸ் விழா நடக்கும். பயணத் தேதியை ஓரிரு நாள் முன்பின்னாக மாற்ற முடியுமானால் விழாவின் இறுதிச் சனிக்கிழமை உங்கள் மூன்று இரவுகளுக்குள் விழும்படி மாற்றுங்கள்.

பியானோ கலைஞர் தனிலோ பெரெஸ் 2003-இல் தொடங்கிய விழா அது. ஜாஸ் எக்காளக் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் இசைக்குழுவிலும் பிறகு சாக்ஸஃபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் நால்வர் குழுவிலும் வாசித்த அவர், உலகின் எந்த நகரத்திலும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். பிறந்த ஊரின் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அறக்கட்டளை ஒன்றை நிறுவி, அதற்குத் துணையாக இந்த விழாவை நடத்திவருகிறார். பகல் முழுவதும் மாணவர்களுக்குப் பயிலரங்குகள் நடக்கும். இரவுகளில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் கச்சேரிகள் இருக்கும். கடைசி நாளில் சியுதாத் தெல் சபேர் வளாகத்தின் திறந்தவெளிப் புல்தரையில் பகலில் தொடங்கி இரவு வரை யாரும் இலவசமாகக் கேட்கலாம். முன்பு கிளேட்டன் என்ற அமெரிக்கப் படைத்தளமாக இருந்த அந்த இடத்தில், பாட்டிகள் முதல் கைக்குழந்தைகள் வரை பாயும் மடக்கு நாற்காலியும் எடுத்து வந்து அமர்ந்திருப்பதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. மதுக்கூடத்துக்குள் போகாமலேயே அந்த ஊரின் இரவை முழுமையாக உணர விரும்பும் உங்கள் இருவருக்கும் இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை.

இந்த இசை அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இடங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போக எனக்கு மனம் வரவில்லை. 1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் கால்வாயை வெட்டியபோது பார்படோஸ், ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் வந்தார்கள். வெள்ளையர்களுக்குப் பொன்னில் சம்பளம், கறுப்பர்களுக்கு வெள்ளியில் சம்பளம் என்று பிரித்து, குடியிருப்பும் கடையும் பள்ளியும்கூடத் தனித்தனியாக வைத்திருந்த காலம் அது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் கொலோன் நகரத்திலும் தலைநகரத்திலும் கலிப்ஸோ என்ற கரீபியப் பாட்டு வகையையும் ஜாஸையும் வளர்த்தார்கள். விக்டர் போவா போன்ற பியானோ மேதைகள் அந்த மரபில் வந்தவர்கள். 1960-களிலும் 70-களிலும் கொம்போஸ் நசியோனாலெஸ் என்று அழைக்கப்பட்ட இளைஞர் குழுக்கள் அமெரிக்காவின் சோல் இசை, கலிப்ஸோ, கியூபாவின் குவாராச்சா எல்லாவற்றையும் ஒரே மேடையில் வாசித்தன. 1980-களில் ரியோ அபாஹோ போன்ற பகுதிகளில் ஜமைக்காவின் ரெகே தாளத்துக்கு ஸ்பானிய மொழியில் பாடத் தொடங்கினார்கள். ரெனாத்தோ, நாந்தோ பூம், எல் ஹெனெரால் ஆகியோரின் குரல்கள் தியாப்லோ ரோஹோ என்ற வண்ணப் பேருந்துகளின் ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் நகரமெங்கும் பரவின. இன்று உலகம் முழுவதும் ஒலிக்கும் ரெகேதோன் என்ற நடன இசையின் வேர்களில் ஒன்று அந்தப் பேருந்துகளில் இருக்கிறது. அந்தப் பேருந்துகள் 2013-இல் நகரச் சேவையிலிருந்து நீக்கப்பட்டன.

ஒரு பகற்பொழுதில் கலிதோனியா பகுதியில் உள்ள ஆப்பிரிக்க-ஆண்டில்லியர் (கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள்) அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வாருங்கள். கால்வாய்த் தொழிலாளர்கள் வழிபட்ட பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் அமைந்த மிகச் சிறிய இடம் அது. தொழிலாளர் வீட்டுக் கட்டிலும் அடுப்பும் பாத்திரங்களும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு இரவில் கேட்கும் இசை வேறுவிதமாகக் காதில் விழும். போகவர டாக்சியில் செல்லுங்கள்.

காஸ்கோவில் 1908-இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கம் நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2019 முதல் மீண்டும் இயங்குகிறது. ரொபெர்த்தோ லூயிஸ் வரைந்த மேற்கூரை ஓவியங்களுக்காகவே ஒரு நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கலாம்.

பதிவர்: பழஞ்சுவர்

இதுவரை எழுதிய மூவருக்கும் நன்றி. ஆயினும் காஸ்கோ பற்றி இங்கே சொல்லப்பட்டவற்றில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருப்பதால் என் மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

காஸ்கோ என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் அந்த இடத்துக்கு சான் ஃபெலிப்பே என்று ஒரு பெயர் உண்டு. அங்கே மக்கள் வாழ்கிறார்கள். பணக்காரக் குடும்பங்கள் அந்தப் பகுதியைக் கைவிட்டு புதிய குடியிருப்புகளுக்குப் போன பிறகு, அந்தப் பெரிய வீடுகள் அறை அறையாகத் தடுக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. பாடகர் ருபென் பிளேட்ஸ் 1948-இல் பிறந்ததும் அந்தப் பகுதியில்தான். 1997-இல் பழுதுபார்ப்புக்கு வரிச்சலுகை தரும் சட்டம் வந்ததும் முதலீட்டாளர்கள் வந்தார்கள். வாடகைக் குடும்பங்கள் சிறு தொகையை வாங்கிக்கொண்டு நகரத்தின் விளிம்புகளுக்குப் போனார்கள். இன்று மிச்சமிருக்கும் குடும்பங்கள் மொட்டைமாடிக் கூடங்களுக்கு நடுவில் வாழ்கின்றன. பின்னிரவு இரண்டு மணிக்கு மாடியிலிருந்து இறங்கும் ஒலிபெருக்கியின் அதிர்வு, எதிர்வீட்டு மரச் சன்னலின் கண்ணாடியை நடுங்க வைப்பதை நான் அந்த வீட்டுக்குள் இருந்தே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் காலையில் பள்ளிக்குப் போக வேண்டியவர்கள். இரைச்சலைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் முறையிடாத ஆண்டே இல்லை.

ஆகவே அங்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முன்மாலையில் போய், சதுக்கத்தில் உட்கார்ந்து, அந்த மக்கள் நடத்தும் சிறு கடைகளில் சாப்பிட்டு, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். இரவு முழுவதும் ஆட விரும்பினால் அதற்கென்று குடியிருப்புகள் இல்லாத இடங்கள் நகரத்தில் இருக்கின்றன.

பதிவர்: தென்துறைமுகம்

பழஞ்சுவர் அவர்கள் சொன்ன இடப்பெயர்வு உண்மை. அதை நான் எழுதியிருக்க வேண்டும் என்றுகூட ஒப்புக்கொள்வேன். ஆனால் இரவு வாழ்க்கைதான் அந்தப் பகுதியைக் கெடுத்தது என்ற முடிவோடு என்னால் உடன்பட முடியவில்லை.

நான் முதன்முதலாக அங்கே போனபோது கூரை இடிந்து, முகப்புச் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்த வீடுகள் தெருவுக்கு நான்கைந்து இருந்தன. கும்பல்களின் மோதலுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே கதவுகளை அடைத்துக்கொண்டதும் அந்த மக்கள்தான். அதே கும்பல்களில் இருந்து விலகிய இளைஞர்கள் இன்று தங்கள் தெருக்களின் கதையைச் சொல்லும் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். அவர்களோடு நடந்துவிட்டு வருவதுதான் அந்தப் பகுதியை அறிவதற்கு நான் பரிந்துரைக்கும் முதல் வழி. வாத்தியக்காரர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் என்று மாலை வேலையை நம்பி வாழும் குடும்பங்களும் அந்தப் பகுதியைச் சுற்றியே இருக்கின்றன. ஒலியளவுக்கு விதி இருக்கிறது, அதைச் செயல்படுத்துவது நகராட்சியின் கடமை. விருந்தினர் பத்து மணிக்கு எழுந்து போய்விட்டால் அந்தக் கடமை நிறைவேறிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடிகளை விடுத்து, தரைத்தளத்தில் இசைக்கலைஞர்கள் நேரடியாக வாசிக்கும் கூடங்களைத் தேடிப் போங்கள். பதிவு செய்த பாடலைப் பெரும் சத்தத்தில் ஒலிக்கவிடும் இடத்தில் கொடுக்கும் பணம் வாத்தியக்காரரின் கைக்குப் போவதில்லை.

பதிவர்: பழஞ்சுவர்

நகராட்சியின் கடமை பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அது நிறைவேறும் நாள்வரை அந்த வீட்டுக்காரர்கள் தூங்காமல்தான் இருக்கிறார்கள். நேரடி இசையைத் தேடச் சொன்னதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

பதிவர்: வரவுசெலவு

பணம் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டின் நாணயம் பல்போவா. ஆனால் காகிதப் பணம் முழுவதும் அமெரிக்க டாலர்தான், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. ஐம்பது, நூறு டாலர் தாள்களைச் சிறிய கடைகளில் வாங்க மாட்டார்கள், எனவே இருபதுக்குக் கீழான தாள்களை வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கான பில்லில் 7 சதவீத வரியும் மதுவுக்கு 10 சதவீத வரியும் சேரும். பத்து சதவீத டிப்ஸ் வழக்கத்தில் இருக்கிறது. சில உணவகங்கள் அதைப் பில்லிலேயே சேர்த்துவிடுவதால் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மது அருந்தும் வயது 18. மூடிய பொது இடங்களில் புகைப்பது 2008 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால் மதுக்கூடங்களுக்குள்ளும் மூச்சு முட்டாது. பியரில் பல்போவா, அட்லஸ் ஆகியவை உள்ளூர்ப் பெயர்கள். கரும்பிலிருந்து வடிக்கும் சேக்கோ நாட்டுப்புறத்தாரின் மது, அளவாகக் குடிக்க வேண்டிய ஒன்று. காசினோக்கள் பெரிய விடுதிகளுக்குள் இருக்கின்றன. இசைக்காகப் போகும் உங்களுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

தேதிகளில் கவனம் வையுங்கள். ஜனவரி 9 தியாகிகள் நாள். 1964-இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்த கால்வாய் மண்டலத்தில் பனாமா கொடியை ஏற்றச் சென்ற மாணவர்களைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் உயிரிழந்தவர்களுக்காக நாடு துக்கம் கடைப்பிடிக்கும் நாள் அது. அன்று கொண்டாட்டத்தை எதிர்பார்த்துப் போவது முறையாகாது. பின்னாளில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தேர்தல் நாள்களிலும் புனித வெள்ளியன்றும் மது விற்பனை இருக்காது, கார்னிவல் திருவிழாவின் நான்கு நாள்களில் நகரத்தில் பாதிப்பேர் லாஸ் தாப்லாஸ் முதலிய உள்நாட்டு ஊர்களுக்குப் போய்விடுவார்கள். கொலம்பியாவிலிருந்து நாடு பிரிந்த நாளான நவம்பர் 3-ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் போனால் பள்ளி மாணவர்களின் முரசுக் குழுக்கள் இரவு வரை தெருக்களில் அணிவகுத்துப் போவதைக் கேட்கலாம்.

பதிவர்: கடல்வழி

இவ்வளவு விரிவான பதில்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. லிமா பயணத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, விழாவின் இறுதிச் சனிக்கிழமை எங்கள் மூன்றாம் இரவாக அமையும்படி சீட்டுகளை மாற்றிவிட்டேன். முதல் மாலை சிந்தா கொஸ்தேராவிலும் பிரான்ஸ் சதுக்கத்து மதிலிலும் கழியும். பழஞ்சுவர் அவர்கள் சொன்னதை மதித்துப் பத்து மணிக்குள் திரும்பிவிடுகிறோம். இரண்டாம் இரவு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊர்க்காரர்கள் ஆடும் நடனம் எதையாவது பார்க்க வேண்டும் என்று மனைவி விரும்புகிறார். பாவாடை விரித்து ஆடும் நடனத்தை உணவகங்களில் காட்டுகிறார்கள் என்று படித்தோம். அது போதுமா, வேறு ஏதேனும் உண்டா?

பதிவர்: இசைத்தேடல்

உணவகங்களில் காட்டும் தம்போரித்தோ நடனமும் பொய்யேரா என்ற பாவாடை உடையும் அழகானவைதான். அந்தப் பாவாடையின் கைத்தையல் வேலைப்பாடு அருகிலிருந்து பார்க்க வேண்டியது. ஆனால் அது மேடை. மக்கள் தாங்களே ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஹார்தின் என்று அழைக்கப்படும் திறந்தவெளி நடனக் கூடத்துக்குப் போக வேண்டும். நகரத்தின் புறப் பகுதிகளிலும் உள்நாட்டு ஊர்களிலும் இவை இருக்கின்றன. ஒசுவால்தோ அயாலா, சாமி - சாந்த்ரா சாந்தோவால் போன்ற புகழ்பெற்றவர்களின் குழுக்கள் அங்கே வாசிக்கின்றன.

பக்கச் சுவர் இல்லாத, தகரக் கூரை போட்ட பெரிய சிமெண்டுத் தளம். ஓரங்களில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு கோடியில் மேடை. அக்கார்டியன்காரர்தான் நாயகர். அவருக்குப் பக்கத்தில் கொங்கா, திம்பால் என்ற முரசுகளும், வரி வரியாகக் கீறிய சுரைக்காயைக் கம்பியால் உரசி வாசிக்கும் சுருக்காவும் இருக்கும். பாட்டுக்கு நடுவே பாடகி தொண்டையை உடைத்து ஏற்றி இறக்கும் சலோமா என்ற அழைப்பு எழும். வயல்வெளியில் ஒருவரையொருவர் கூப்பிட்ட உழவர்களின் குரல் அது. அந்தக் குரல் எழுந்ததும் தளத்தின் ஓரங்களில் நிற்பவர்களும் இணையாகச் சேர்ந்து உள்ளே வந்துவிடுவார்கள். தொப்பி அணிந்த ஆணும் கைப்பையைத் தோளிலேயே மாட்டியிருக்கும் பெண்ணும் சிறு சிறு அடிகளாக எடுத்துவைத்து, தளத்தை ஒரே திசையில் வலம்வருவார்கள். யாரும் யாருக்காகவும் ஆடிக் காட்டுவதில்லை. உங்கள் மனைவி சுருக்காவையும் கொங்காவையும் மட்டும் கவனித்துக் கேட்டால் அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

அங்கே பத்து மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும், ஆட்டம் விடியற்காலை வரை போகும். வெளியூர் இணையர் அமைதியாக அமர்ந்து கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் இடம் தொலைவு, பின்னிரவில் அங்கே ஊபர் கிடைப்பது அரிது. தங்கும் விடுதியில் கேட்டு, காத்திருந்து திரும்ப அழைத்துவரும் வண்டியாக அமர்த்திக்கொண்டால் மட்டும் போங்கள்.

பதிவர்: வெண்சங்கு

அவ்வளவு தொலைவு வேண்டாம் என்று தோன்றினால் வெள்ளிக்கிழமை இரவு சீவா பர்ரந்தேராவில் ஏறிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் திறந்த பழைய பேருந்துக்குள் முரசும் எக்காளமும் வாசிப்பவர்கள் உட்கார்ந்திருக்க, நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும். மது அருந்தாதவர்களும் குடும்பத்தோடு ஏறுவதுண்டு. பேருந்துக்குள் சத்தம் அதிகம் என்பதால் முன்வரிசையைத் தவிர்த்து நடு இருக்கையாகக் கேளுங்கள்.

சனிக்கிழமை ஜாஸ் விழாவுக்கு மூன்று மணிக்குள் போய்விடுங்கள். பிறகு போனால் மேடை தெரியும் இடத்தில் பாய் விரிக்க இடம் இருக்காது. வெயிலுக்குத் தொப்பியும், இரவுக் காற்றுக்கு அதே சால்வையும், கொசுவுக்குத் தைலமும் போதும். உணவுக் கடைகளை விழா வளாகத்துக்குள்ளேயே போடுவார்கள், துவரைச் சோறு அங்கேயும் கிடைக்கும். திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள் என்பதால், கடைசிக் குழு மேடையேறும்போதே ஊபருக்கு எந்த வாசலில் நிற்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.